அம்மாவின் முத்துமாலையை எலுமிச்சைச் சாற்றில் போட்ட கதை

2023 ஏப்ரலில், தங்கை மகளின் திருமணத்துக்கு ஆறு வாரம் இருந்தபோது, வங்கி லாக்கரிலிருந்து அம்மாவின் முத்துமாலையை எடுத்து வந்தேன். அப்பா செகந்திராபாத்தில் ரயில்வே வேலையில் இருந்தபோது, 1987-இல், சார்மினாருக்கு அருகே பத்தர்கட்டியில் வாங்கிய இரட்டைச் சர மாலை அது. உள் சரத்தில் 78 முத்து, வெளிச் சரத்தில் 86 முத்து, நடுவில் கெம்புக் கல் பதித்து மூன்று முத்துத் தொங்கல் வைத்த தங்கப் பதக்கம். இந்த எண்ணிக்கையை அப்பா கடை ரசீதின் பின்புறம் தம் கையால் எழுதி வைத்திருந்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முத்துமாலை வைத்திருக்கும் எவரும் இன்றே அதை எண்ணி, ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலைதான்.

மாலை ஒன்பது ஆண்டுகளாக லாக்கருக்குள் கிடந்தது. ஈரம் பட்டு எதுவும் கெட்டுவிடக் கூடாது என்று நானேதான் அதை இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் கிடைத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் உள்ளே வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது முத்துகள் பழுப்பேறி, நூல் கறுத்து, ஒரு முத்துக்கும் அடுத்த முத்துக்கும் இடையே அழுக்குத் திரண்டிருந்தது. தங்கத்துக்கு வறட்சியால் ஒரு கெடுதலும் இல்லை. முத்துக்கு உண்டு. முத்தினுள் இயல்பாகவே சிறிதளவு நீர் இருக்கிறது; அதையும் உறிஞ்சி எடுக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் விழக்கூடும். பட்டுப்புடவையை நாம் பிளாஸ்டிக் பையில் அடைப்பதில்லை. மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை எடுத்து மடிப்பு மாற்றிக் காற்றாட விடுகிறோம். முத்தையும் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த நகைப் பராமரிப்பு எல்லாம் தங்கத்தையும் வெள்ளியையும் வைத்து வந்தது. அதை அப்படியே முத்தின்மீது செலுத்தியதுதான் நான் செய்த தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர்.

அடுத்து நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கை எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் எப்படிப் பளிச்சென்று ஆகிறது என்ற நினைப்பில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, அதே அளவு தண்ணீர் விட்டு, மாலையை அதில் அமிழ்த்தினேன். இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு முத்தின்மீதும் குண்டூசித் தலையைவிடச் சிறிய குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. துளைகளின் ஓரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி மேலே வந்தன. அழுக்கு கழன்று வருகிறது என்று நினைத்து மகிழ்ந்து, இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று பத்து நிமிடம் விட்டுவிட்டேன். இதில் கொடுமை என்னவென்றால், நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கார்பனேட்டின்மீது அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் முட்டை ஓட்டை வைத்துச் செய்து காட்டுகிறேன். அந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தி, நீர் பால்போல் ஆவதையும் காட்டுகிறேன். முத்தும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டே. அரகோனைட் என்ற வடிவில் மிக நுண்ணிய தகடுகளாக அடுக்கப்பட்டு, இடையிடையே கான்கியோலின் என்ற புரதம் பசைபோல் ஒட்டி நிற்கிறது. அந்த அடுக்குகளின்மீது ஒளி பட்டுத் திரும்புவதைத்தான் நாம் முத்தின் நீரோட்டம் என்கிறோம். புத்தகத்தில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டும் அம்மாவின் கழுத்தில் கிடந்த மாலையும் ஒரே பொருள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

கழுவி எடுத்தபோது முத்துகள் வெளுத்திருந்தன. ஆனால் அது பளபளப்பு இல்லாத வெளுப்பு. பழைய கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் போல இருந்தது. அத்துடன் நிறுத்தியிருந்தால் சேதம் குறைந்திருக்கும். மங்கலாக இருக்கிறதே, தேய்த்தால் மினுங்கும் என்று பல்பொடியைத் தொட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் முத்து 2.5 முதல் 4.5 வரைதான். வீட்டுத் தூசியில் கிடக்கும் மணல் துகளின் கடினம் 7. வெறும் தூசியோடு அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும் பொருளைப் பல்பொடியால் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பற்பசை, ஆப்ப சோடா, சாம்பல், வெள்ளியை முக்கி எடுக்கும் பாலிஷ் திரவம், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் ஆகிய எதுவும் முத்தின் பக்கமே போகக் கூடாது. நம் வீடுகளில் தங்கத்தை ஊறவைக்கும் பூந்திக்கொட்டை நீர்கூடச் சற்றே அமிலத் தன்மை உடையது. தங்கத்தை அது ஒன்றும் செய்யாது என்பதால் முத்தையும் செய்யாது என்று கொள்ளக் கூடாது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு கண்ணிலும் புரை. அதனால் அவருக்கு மாலையின் நிறம் மாறியது தெரியவில்லை. தெரியாதிருப்பதை நினைத்து நிம்மதி அடைந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கணவரிடமும் தங்கையிடமும் சொல்லவில்லை. மறுநாளே எங்கள் ஊர் திண்டுக்கல்லில் ஒரு நகைக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய், பாலிஷ் போட முடியுமா என்று கேட்டேன். தாராளமாக முடியும் என்று வாங்கிக்கொண்டு, மாலையை அப்படியே மீயொலி இயந்திரத்தின் தொட்டியில் இறக்கினார்கள். தங்கச் சங்கிலியின் கண்ணிகளுக்குள் இருக்கும் அழுக்கை அதிர்வால் உதிர்க்கும் இயந்திரம் அது, தங்கத்துக்கு அருமையானது. முத்தின் நுண்ணிய வெடிப்புகளை அது விரிய வைக்கும், பழைய நூலை நைய வைக்கும், பசை வைத்து ஒட்டிய முத்தைக் கழற்றும். சூடான வேதிக் கரைசல் உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டாம். நீராவி அடித்துச் சுத்தம் செய்வதும் ஆகாது. அரை மணி நேரத்தில் மாலை திரும்பி வந்தபோது பதக்கத்தில் மூன்று தொங்கலுக்குப் பதில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது முத்து தொட்டியின் அடியில் கிடந்தது; அதன் பாதி ஆழத் துளையில் தங்க முள்ளைச் செருகி ஒட்டியிருந்த பசை இளகிவிட்டிருந்தது. “நாங்க தங்கத்துக்குத்தான் பொறுப்பு மேடம், முத்துக்கு இல்ல” என்றார் கல்லாவில் இருந்தவர். அந்த ஒரு வாக்கியத்தை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் கொடுத்திருக்கவே மாட்டேன். கூலி 600 ரூபாயையும் கொடுத்துவிட்டு வந்தேன். சண்டை போடத் தெம்பில்லை. முதல் தவறு என்னுடையது என்பதால் வாயும் எழவில்லை.

திருமணத்தன்று அம்மா, “முகூர்த்தத்துக்கு நீயே போட்டுக்கடி, எனக்கு எதுக்கு” என்று மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டார். வைகாசி வெயில், மண்டபத்தில் கூட்டம், கழுத்தெல்லாம் வியர்வை. தலைமுடியில் ஸ்பிரே, கழுத்தில் பவுடர், அதற்குமேல் வாசனைத் தைலம், எல்லாவற்றுக்கும் மேல் மாலை. தாலி கட்டி முடிந்து நான் குனிந்து தாம்பூலத் தட்டை எடுத்த நேரத்தில், சத்தமே இல்லாமல் வெளிச் சரம் அறுந்தது. நகைக்கடைகளில் பரவலாகச் செய்வதுபோல அந்த மாலையையும் முத்துக்கு முத்து முடிச்சுப் போடாமல் நெருக்கமாகக் கோத்திருந்தார்கள். ஆகவே ஓரிடத்தில் அறுந்ததும் சரம் முழுவதும் கொட்டிவிட்டது. நாற்காலிகளின் அடியில், ஜமுக்காள மடிப்பில், அட்சதை அரிசியோடு அரிசியாக முத்துகள் கிடந்தன. மஞ்சள் அட்சதை சிதறிக் கிடக்கும் தரையில் அரிசி போன்ற நீள முத்தைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று சொன்னால் புரியாது. நான்கு பிள்ளைகளும் நானும் முக்கால் மணி நேரம் தவழ்ந்து தேடினோம். வீட்டுக்கு வந்து எண்ணினால், அறாமல் இருந்த உள் சரத்தையும் சேர்த்து 141 தேறியது. இருபத்து மூன்று முத்துகள் போய்விட்டன. அப்பாவின் கையெழுத்தில் இருந்த அந்த ரசீது இல்லாவிட்டால், எத்தனை போயின என்பதுகூடத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு மதுரையில் இரண்டு பெரிய கடைகளில் ஏறி இறங்கினேன். ஒன்றில், இதையெல்லாம் சரி செய்வது வீண், பதக்கத்தைப் போட்டுவிட்டு 22,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் புது செட் எடுக்கலாம் என்றார்கள். பழைய முத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. இது அந்தக் கடையின் குற்றம் இல்லை. பழைய தங்கத்தை மாற்றும்போது தங்கத்தின் எடைக்கு மட்டுமே பணம், முத்தின் எடை கழிந்துவிடும் என்பது ஊர் வழக்கம். ஆகவே அப்படி மாற்றுபவர்கள் முத்துகளைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு தங்கத்தை எடை போடச் சொல்ல வேண்டும். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் தெற்காவணி மூல வீதியில் ஒரு மாடிப்படியின் அடியில், நகைகளுக்கு நூல் கோத்துத் தரும் வயதான பாய் ஒருவர் கிடைத்தார். கீழக்கரைக்காரர், பாட்டனார் காலத்தில் முத்து வியாபாரம் செய்த குடும்பம். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. “எலுமிச்சையா, புளியாம்மா?” என்று மட்டும் கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆறு வாரமாக யாரிடமும் சொல்லாத விஷயத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். “கல்லு மாதிரி நினைச்சுட்டீங்கம்மா. இது உசுரு வச்சிருந்த ஒண்ணு செஞ்சது” என்றார். பிறகு கறுப்புத் துணியை விரித்து முத்துகளைக் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். 103 முத்து பிழைத்திருந்தது, 38 முத்து செத்துவிட்டது. செத்தது என்பது அவர் சொல். மேல் அடுக்குகள் அரித்துப்போன முத்துக்கு எந்தப் பாலிஷும் பழைய ஒளியைத் திருப்பித் தராது என்றும், அப்படித் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டில் எல்லாரும் அதை அசல் பஸ்ரா முத்து என்றே சொல்லி வந்தோம். பாரசீக வளைகுடாவில் குளித்தெடுத்த இயற்கை முத்துதான் பஸ்ரா முத்து என்றும், 1987-இல் அப்பா கொடுத்த விலைக்கு அது வந்திருக்காது என்றும் பாய் சிரித்தார். இது சீனக் குளங்களில் நன்னீர் மட்டியில் வளர்த்த முத்து. கேட்டதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் மாலையைக் காப்பாற்றியதே அந்தச் சீன முத்துதான் என்றார். நன்னீர் வளர்ப்பு முத்தில் பெரும்பாலும் உள்ளே மணி வைப்பதில்லை. மட்டியின் திசுத் துண்டை மட்டும் வைத்து வளர்ப்பதால் முத்து முழுவதுமே முத்துப் படலம்தான். ஜப்பானிய அகோயா முத்தில் உள்ளே சிப்பி ஓட்டில் செய்த உருண்டை இருக்கும். அதன்மேல் படியும் படலம் பல நேரம் அரை மில்லிமீட்டர்கூட வராது. அதை நான் பத்து நிமிடம் எலுமிச்சையில் ஊறவைத்துப் பல்பொடியும் போட்டிருந்தால், கையில் மிஞ்சியிருப்பது வெறும் ஓட்டு உருண்டையாகக்கூட இருக்கலாம். நம் மன்னார் வளைகுடா முத்து எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். தூத்துக்குடியில் முத்துச் சலாபம், அதாவது கடலில் முத்துக் குளிப்பு, கடைசியாக நடந்தது 1961-இல் என்றும், இன்று யாராவது தூத்துக்குடி முத்து என்று சொல்லி விற்றால் வாங்குமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார். முத்து அசலா என்று பார்க்க அவர் செய்தது எளிய சோதனை. இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று லேசாக உரசினார். மாவு தேய்ப்பதுபோல் ஒரு சிறு சொரசொரப்பு விரலுக்குத் தெரிந்தது. கண்ணாடி மணிக்குப் பூச்சுப் பூசிய போலி வழுக்கிக்கொண்டு போகும். துளையின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பூச்சு உரிந்து நிற்பதும் தெரியும். ஆனால் வளர்ப்பு முத்தா, இயற்கை முத்தா என்பதை உரசிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு ஆய்வகம்தான்.

அவர் கோத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரட்டைப் பட்டு நூலின் நுனியில் மெல்லிய கம்பி ஊசி. ஒரு முத்தை ஏற்றுவார், நூலைச் சுருக்கிட்டு அந்தச் சுருக்குக்குள் ஓர் ஊசியைச் செருகி, முடிச்சு இறுகுமுன் அதை முத்தின் வாய்வரை தள்ளிக்கொண்டு போய், ஊசியை உருவிய அதே கணத்தில் கட்டை விரல் நகத்தால் அழுத்துவார். முடிச்சு முத்தின் வாயில் உட்காரும், அடுத்த முத்து. இந்த முடிச்சு இருந்தால் நூல் அறுந்தாலும் ஒரு முத்துக்குமேல் போகாது, முத்தும் முத்தும் உரசித் தேய்வதும் இல்லை. முடிச்சுகளும் இடம் பிடிப்பதால் பழைய நீளத்துக்கு 150 முத்தே போதும் என்று கணக்குப் போட்டார். பிழைத்த 103, செத்தவற்றில் தேவலாம் என்று எடுத்த 12, புதிதாக 35. அந்த 35-க்காக நிறம் ஒத்துவரும் ஒரு முழுச் சரத்தை அவர் வரவழைக்க இரண்டு மாதம் ஆயிற்று. பழைய மாலையின் நிறத்துக்குப் புது முத்துச் சேர்ப்பதுதான் இதில் கடினமான வேலை. வெளுப்பிலேயே இளஞ்சிவப்பு ஓட்டமும் பச்சை ஓட்டமும் இருப்பது பக்கத்தில் வைக்கும்போதுதான் கண்ணில் படுகிறது. மங்கிய பன்னிரண்டையும் பிடரிப் பக்கம் வரும்படி கோத்துவிட்டார். அடிக்கடி போடும் மாலைக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், எப்போதாவது போடுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் நூல் மாற்ற வேண்டும். முத்துக்கும் முடிச்சுக்கும் இடையே நூல் வெளியே தெரிய ஆரம்பித்தாலோ, நூல் கறுத்தாலோ காலம் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

இப்போது நான் செய்வது மிகச் சொற்பம். புடவை கட்டி, தலை சீவி, பவுடர், வாசனைத் தைலம் எல்லாம் போட்டு உலர்ந்த பிறகு கடைசியாக மாலையைப் போடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவதும் அதைத்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு முத்தையும் அழுத்தாமல் துடைத்து, காய்ந்த துண்டின்மேல் படுக்க வைத்து இரவு முழுவதும் விடுகிறேன். வியர்வைதான் அன்றாட எதிரி. அதைக் காய விடாமல் துடைத்துவிட்டால் முக்கால்வாசிப் பராமரிப்பு முடிந்தது. எப்போதாவது பிசுக்கு ஏறினால், மென்மையான குழந்தை சோப்பில் ஒரு சொட்டை வெதுவெதுப்பான நீரில் கலக்கி, துணியை அதில் நனைத்துத் துடைத்து, பிறகு வெறும் நீர் தொட்ட துணியால் மறுபடியும் துடைக்கிறேன். மாலையைத் தண்ணீரில் முக்குவதில்லை, ஏனென்றால் ஈரப் பட்டு நூல் நீண்டுவிடும். அழுக்கும் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நூல் முழுக்கக் காய்வதற்குமுன் போட்டுக்கொள்வதோ ஆணியில் தொங்க விடுவதோ இல்லை. மஞ்சளும் சந்தனமும் முத்தில் கறையாக இறங்கும் என்பதால் நலங்குக்குப் போகும் நாளில் இந்த மாலை வீட்டிலேயே இருக்கும். வயதாகி உள்ளிருந்தே மஞ்சளேறிய முத்தை வெளுக்க வீட்டில் வழியில்லை; அந்த நிறத்தோடு போட்டுக்கொள்வதுதான் அழகு என்று இப்போது நினைக்கிறேன். முத்துப் பதித்த தங்க நகையில் பற்ற வைக்கும் வேலை வந்தால், முத்தைக் கழற்றிய பிறகுதான் நெருப்புக் காட்ட வேண்டும் என்று ஆசாரியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சூடு பட்ட முத்து பழுப்பாகி வெடிக்கும்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பாலிஷ் என்ற பெயரில் 600, கழன்ற தொங்கலை மறுபடி பொருத்த 750, புது முத்துக்கு 4,900, இரண்டு சரமும் முடிச்சுப் போட்டுக் கோக்க 1,800, திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அலைந்ததில் 1,100. ஆக 9,150 ரூபாய், நான்கு மாதம், ஆறு நாள் விடுப்பு. மீதமிருந்த 26 செத்த முத்துகளைப் பாய் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அவற்றில் மூன்றை அந்த ஆண்டு வகுப்பில் முட்டை ஓட்டுக்குப் பதிலாகச் சோதனைக் குழாயில் போட்டேன். சுண்ணாம்பு நீர் பால்போல் ஆனது. பிள்ளைகள் என்றும் இல்லாத அமைதியோடு பார்த்தார்கள்.

செப்டம்பரில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்தது. கட்டுப் பிரித்துப் பத்து நாள் கழித்து, நவராத்திரிக்கு முன்னால் மாலையைக் கொண்டுவரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு கொக்கியிலிருந்து ஆரம்பித்து விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி வந்தவர், பிடரிப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். “இதெல்லாம் ஏன்டி சுண்ணாம்பு மாதிரி இருக்கு?” என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், எலுமிச்சையிலிருந்து மண்டபத்துத் தரை வரைக்கும். அம்மா திட்டவில்லை. கொஞ்ச நேரம் மாலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “செகந்திராபாத்துல இருக்கிறப்பவே ஒரு தரம் ராத்திரி முழுக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறப் போட்டுட்டேன். உங்கப்பாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லல” என்றார்.